கால் அங்குலம்

மூன்று மாதம் கொழும்புச் சுங்கத்தில் கிடந்து
பெட்டி வந்து சேர்ந்தது.
நாலு கொன்றோல் ஆம், எட்டு றப்பர் புஷ்,
வரி கட்டின துண்டு மட்டும்
கோயில் திருவிழா நோட்டீஸ் நீளத்துக்கு.

தாவடியில் சூசைநாதன் கராஜ்.
என்ரை ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்
முன்சில்லு இரண்டும் இல்லாமல்
ஊசிக்குப் பிடித்துக் கட்டின மாடு மாதிரி நிற்கிறது.
ஆம் என்று அவர் சொல்வதில்லை.
கை என்பார். கீழ்க் கை.

"ஸ்பிரிங்குக்கு நேரே நில்லாதேங்கோ."
தட்டின் நாலு போல்ற்றில்
மூலைக்கு மூலை இரண்டைக் கழற்றி
அந்த இடத்தில் முழ நீளத்தில் இரண்டு பூட்டினார்,
பிறகு மற்ற இரண்டையும் எடுத்தார்.
இங்கே அரைச்சுற்று. அங்கே அரைச்சுற்று.
அறுபது வருடம் அமுங்கிக் கிடந்த ஒன்று
கோபம் காட்டாமல் நீண்டு முடிய
எனக்கு வைத்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

வலப்பக்கக் கை சுகமாய்க் கழன்றது.
புஷ் என்பது பேருக்குத்தான்,
ஈரம் பட்ட பனாட்டுப் போல விரலோடு வந்தது.

இடப்பக்கம் கழன்றபோது
சூசைநாதன் கதைப்பதை நிறுத்தினார்.
மண்ணெண்ணெயில் ஊறவிட்டு
கம்பித் தும்பால் உரஞ்ச உரஞ்ச
கிறீசுக்கும் செம்மண்ணுக்கும் அடியில்
கம்பெனி இலக்கம் இல்லை.
உளியால் புள்ளி புள்ளியாய்க் குத்தின எழுத்து:
ம. ஞா. 91.

ரோச் பற்றரிக்கும் தடை இருந்த வருடம்.
லொறி வில்லுத் தகட்டை வெட்டி
கரியில் காய்ச்சி அடித்து வளைத்திருக்கிறார் யாரோ.
புஷ்சுக்குப் பழைய ரயர்.
ஒரு துண்டில் ரயரின் பூ இன்னும் தெரிகிறது.
துளை மட்டும் கண்மட்டத்துக்குப் போட்டது.

பழசைத் தூக்கிப் புதிசின்மேல் வைத்தார்.
"கால் அங்குலம் கட்டை.
உதுதான் உங்கட வருத்தம்."

என்னுடைய வருத்தம்!
ஏழாலைச் சிவகடாட்சம் விற்கும்போதே சொன்னவர்,
இடப்பக்கம் கொஞ்சம் அணையும்
பழகிவிடும் என்று.
பழகிவிட்டது.
இடது ரயரின் வெளிவிளிம்பு வருடா வருடம் மொட்டையாகும்,
நான் றோட்டைத் திட்டினேன்
ரயர்க் கடைக்காரனைத் திட்டினேன்
ஒருக்காய்ப் போய்க் கண்ணையும் சோதித்துக்கொண்டேன்.

தொண்ணூற்றைந்தில் இதே காரில்
பதினொரு பேரும் ஒரு தையல் மெசினும்
நாவற்குழி தாண்ட ஒரு முழு இரவு போனதாம்.
சாண் சாணாய் நகர்கிற காருக்கு
நேர் ஏது, கோணல் ஏது?
ம. ஞா.வின் கை அன்றைக்கு
முறியவில்லை. அவ்வளவுதான் அதன் வேலை.

"பழைய இரும்புக்காரனுக்குப் போடவோ?"
"டிக்கியில் வையுங்கோ" என்றேன்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.

புதுக் கைகளைப் பூட்டி
நட்டுகளைத் தளர்த்தியாய் விட்டு
சில்லுப் போட்டு நிலத்தில் இறக்கி
என்னையும் ஏறி இருக்கச் சொல்லி
பிறகுதான் கீழே படுத்துக் கடைசி முறுக்கு.
"அந்தரத்தில் நிக்கேக்க இறுக்கினால்
பாரம் வந்த நாள் கிழிஞ்சு போம்."

பண்ணைப் பாலத்துக்கு ஓட்டிப் பார்க்கப் போனோம்.
இரண்டு பக்கமும் கடல், மீன்கூடு, சோளகக் காற்று.
நூல் பிடித்த றோட்டு.
டிக்கிக்குள் பழைய இரும்பு ஒன்றோடொன்று தட்டுப்படுகிறது.
எதிரே வேலணை பஸ்
நினைத்ததைவிடக் கிட்ட வந்து
ஹோர்ன் அடித்து விலகிப் போனது.

"இப்ப வலப்பக்கம் இழுக்குது" என்றேன்.
"கார் இல்லை" என்றார்.

ஸ்ரியறிங்கில் என் கைகள்.
வலது தோள் இறுகி, மணிக்கட்டு ஒரு சொட்டு மடங்கி,
இல்லாத ஒன்றுக்கு எதிராய்
இழுத்துப் பிடித்தபடி.

"மெல்ல விடுங்கோ" என்றார்,
ஸ்பிரிங்குக்குச் சொன்ன அதே குரலில்.

அரைச்சுற்று விட்டேன்.
மண்டைதீவுச் சந்தி வரைக்கும்
இன்னொரு அரைச்சுற்று.